ராணி ஏன் வேண்டாம்? சிப்பாய் உயர்வுப் புதிர்கள் பற்றி ஒரு விவாத இழை

ஜூன் 3: வாசகர் ஒருவரின் கேள்வி

"செஸ் புதிர்களில் சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனதும் அதை ராணியாக மாற்றாமல் யானை, பிஷப் என்று எதையாவது எடுக்கிறார்கள். அந்த இரண்டும் செய்வதையெல்லாம் ராணி ஒன்றே செய்துவிடும். குதிரை என்றால் சரி, அந்தத் தாவல் ராணிக்கு வராது. மற்ற இரண்டும் புதிர் அமைப்பவர் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வலிய நுழைக்கும் பகட்டு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன். யானையையோ பிஷப்பையோ எடுப்பதால் புதிதாக எந்தச் சக்தியும் கிடைக்காது என்பது உண்மை. கிடைப்பது இழப்பு மட்டுமே. ஆனால் சில நிலைகளில் அந்த இழப்புதான் தேவைப்படுகிறது.

பலகையில் மூன்றே காய்கள் (எழுத்து இடமிருந்து நெடுவரிசை, எண் கீழிருந்து வரிசை). வெள்ளை ராஜா எஃப்6, சிப்பாய் எஃப்7. கறுப்பு ராஜா எச்7. வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட். எஃப்8-இல் ராணி வந்தால் ஜி8, எச்8 இரண்டும் அடைபடும். மூலைவாட்டில் ஜி7, எச்6 அடைபடும். ஜி6-ஐ வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறார். செக் இல்லை, போக இடமும் இல்லை; இப்படி நின்றால் ஆட்டம் டிரா. ஸ்டேல்மேட். இப்போது யானையை எடுங்கள். யானைக்கு மூலைவாட்டுப் பார்வை கிடையாது என்பதால் எச்6 திறந்திருக்கிறது. கறுப்பு ராஜா அங்கே போயே ஆக வேண்டும். யானை எச்8-க்கு வந்தால் மேட்.

எச்6 என்ற ஒரு கட்டத்தைத் திறந்து விடத்தான் யானை. இதில் பகட்டு எங்கே இருக்கிறது?

ஜூன் 4

இந்த அமைப்பை அப்படியே ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப் பார்க்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். ராஜா ஈ6, சிப்பாய் ஈ7, கறுப்பு ராஜா ஜி7. ஈ8-இல் ராணி வந்தாலும் எச்6, எச்7 திறந்தே கிடக்கும். ஸ்டேல்மேட் இல்லை, புதிரும் இல்லை. பலகையின் விளிம்பு ராஜாவின் எட்டு வழிகளை ஐந்தாகக் குறைப்பதால்தான் முதல் நிலை வேலை செய்கிறது.

இன்னொன்று செய்து பாருங்கள். முதல் நிலையில் ஏ7-இல் ஒரு கறுப்புச் சிப்பாயை மட்டும் சேருங்கள். ராணி எடுத்தால் இப்போது ஸ்டேல்மேட் கிடையாது. அந்தச் சிப்பாய் நகர்ந்தாக வேண்டும், அடுத்து ராணி ஜி7-இல் மேட். யானை எடுத்தாலோ இரண்டாவது நகர்த்தலில் மேட் வராது. சண்டையிலேயே இல்லாத ஒரு சிப்பாய் விடையைத் தலைகீழாக்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே புதிரின் இரட்டை வடிவமாகக் கொடுக்கலாம். ஆரம்ப வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜூன் 6

யானை என்று பேச்சு வந்தபின் சாவேத்ரா பெயரில் வழங்கும் புதிரை விட்டுவிட முடியாது. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

சிப்பாய் சி7-க்குப் போகிறது. யானை டி6-இல் செக். ராஜா பி5. (சி5-க்குப் போனால் யானை டி1-க்கு இறங்கும், அடுத்து சி1-இல் செக் கொடுத்து ராணியைப் பிடுங்கிவிடும்.) டி5-இல் செக், ராஜா பி4. டி4-இல் செக், பி3. டி3-இல் செக், சி2. செக் தீர்ந்துவிட்டது, கறுப்பு தோற்றுவிட்டது என்று நினைக்கும்போது யானை டி4-க்கு வருகிறது. இப்போது ராணி எடுத்தால் யானை சி4-இல் செக் கொடுத்துத் தன்னையே பலி கொடுக்கும். ராணி வெட்டியதும் ஸ்டேல்மேட். காரணம், சி4-இல் நிற்கும் ராணி மூலைவாட்டில் ஏ2-ஐயும் அடைத்துவிடுகிறது.

யானை எடுத்தால் அதே சி4 தந்திரம் பலிக்காது. யானையால் ஏ2-ஐப் பார்க்க முடியாது. இப்போது ஏ8-இல் செக் என்ற மிரட்டலுக்காகக் கறுப்பு யானை ஏ4-க்கு ஓட வேண்டும். வெள்ளை ராஜா பி3-க்கு ஒரு எட்டு வைக்கிறார். யானைக்கும் அடி, சி1-இல் மேட் என்ற மிரட்டலும் உண்டு. இரண்டையும் காப்பாற்ற முடியாது.

1895-இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் செஸ் பத்தியில் ஜார்ஜ் பார்பியே இதை டிரா என்றுதான் போட்டார். வெற்றி இருக்கிறது என்று காட்டியவர் அங்கே வசித்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னாண்டோ சாவேத்ரா. பெரிய ஆட்டக்காரரும் இல்லை. இந்த ஒரு நகர்த்தல்தான் அவர் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது. பலகையில் மொத்தம் நாலு காய்!

ஜூன் 6, பின்னிரவு

குதிரையை எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்கள், அதனால் சுருக்கமாக.

நிஜ ஆட்டத்திலேயே ஏழாவது நகர்த்தலில் வரும் உதாரணம் லாஸ்கர் பொறி. ஆல்பின் எதிர்க் காம்பிட் என்ற தொடக்க ஆட்ட முறையில் கறுப்புச் சிப்பாய் ஜி1-இல் இருக்கும் குதிரையை வெட்டி, தானும் குதிரையாகி, ஈ2-இல் நிற்கும் ராஜாவுக்குச் செக் கொடுக்கிறது. ராணி எடுத்திருந்தால் வெள்ளை டி8-இல் ராணியை வெட்டிச் செக் கொடுத்துவிட்டு, பிறகு நிதானமாக ஜி1-ஐ வெட்டிக்கொள்வார்.

நம் பழைய அமைப்பிலேயே குதிரையையும் கொண்டுவரலாம். வெள்ளை எஃப்6, எஃப்7 அப்படியே. கறுப்பு ராஜா எச்7-இல். அவரைச் சுற்றி அவருடைய ஆட்களே: யானை எச்8, பிஷப் ஜி8, சிப்பாய் எச்6. எஃப்8 குதிரை, மேட். யானை வெட்டலாமே என்றால் நடுவில் பிஷப் நிற்கிறது.

ஆக எஃப்6, எஃப்7, எச்7 என்ற மூன்று காயை வைத்துக்கொண்டு ராணி, யானை, குதிரை மூன்றும் வந்துவிட்டன. பிஷப் மட்டும் பாக்கி.

ஜூன் 9

முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். காரணம் இருக்கிறது என்று நிரூபித்தால் போதுமா? வாசகர் 'பகட்டு' என்று சொன்னதன் பின்னால் வேறொரு எரிச்சலும் இருக்கலாம்: எல்லாப் புதிரிலும் இதையே செய்கிறார்கள் என்ற எரிச்சல். அது எனக்கும் உண்டு.

ஏழாவது வரிசையில் சிப்பாய் நிற்கும் புதிரைப் பார்த்தால் என் கண் முதலில் தேடுவது குதிரையை. அப்புறம் யானை. ராணியைக் கடைசியில்தான் நினைக்கிறேன். புதிர் தீர்க்கும் பழக்கம் உள்ள பலரும் இப்படித்தான் இருப்பார்கள். புதியவருக்கு அதிர்ச்சி தருவது பழகியவருக்கு வாய்ப்பாடு. சாதாரண ராணி உயர்வு விடையாக வந்த ஒரு புதிரில் நான் மாட்டிக்கொண்டு விழித்ததுண்டு.

சாம் லாய்டின் 1861 புதிரான எக்செல்சியர் இதில் எவ்வளவு தந்திரமானது பாருங்கள். லாய்டின் நண்பர் ஒருவர், எந்தப் புதிரிலும் கடைசி மேட்டைக் கொடுக்கும் காயைத் தன்னால் சொல்லிவிட முடியும் என்று பெருமை பேசுபவர். லாய்டு இதைக் காட்டி, எந்தக் காய் மேட் கொடுக்காது என்று மட்டும் சொல் என்றாராம். நண்பர் காட்டியது பி2 சிப்பாய். அதுவரை ஒரு அடிகூட நகராத சிப்பாய். அது பி4, சி5, சி6, பி7 என்று ஏறி, ஐந்தாவது நகர்த்தலில் ஏ8-இல் குதிரையை வெட்டி ராணியாகி மேட் கொடுக்கிறது. எச்1-இல் இருக்கும் கறுப்பு ராஜாவுக்கு மூலைவாட்டில் அடி.

அங்கே பிஷப் எடுத்தாலும் மேட்தான், தேவைப்படுவது அந்த மூலைவாடு மட்டுமே. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்தப் புதிர் பேசுவது காயின் வகையைப் பற்றி இல்லை, பயணத்தைப் பற்றி.

ஜூன் 13

பிஷப் பாக்கி என்று எழுதிய நாளிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பிஷப் உயர்வுதான் கடினம். ராணியைத் தள்ள ஸ்டேல்மேட் ஒன்று போதும். பிஷப் வேண்டுமென்றால் யானையையும் தள்ள வேண்டும். யானைக்கும் பிஷப்புக்கும் பொதுவான பாதை கிடையாது. ராணியும் யானையும் பகிர்ந்துகொள்வது நேர்க்கோட்டை. ஆக, அந்த நேர்க்கோடே கெடுதல் செய்ய வேண்டும். எட்டாவது வரிசையில் நேர்க்கோட்டால் என்ன கெடுதல் வரும்? கறுப்பின் ஒரே நகரும் காய் அந்த வரிசையில் ராஜாவுக்கு முன்னால் நின்றால், அதைக் கட்டிப்போட்டுவிடும்: நகர்ந்தால் ராஜா செக்கில் மாட்டுவார் என்பதால் அது நகரவே முடியாது.

அப்படி வந்தது இது. வெள்ளை: ராஜா ஜி1, குதிரை ஈ7, சிப்பாய்கள் பி7, எச்6. கறுப்பு: ராஜா எச்8, பிஷப் ஜி8, சிப்பாய் எச்7. வெள்ளை ஆடி இரண்டில் மேட்.

கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. எச்7 சிப்பாய் அடைபட்டிருக்கிறது. நகரக்கூடியது ஜி8 பிஷப் மட்டும். பி8-இல் ராணி வந்தால் பிஷப் கட்டுண்டுவிடும், ஸ்டேல்மேட். யானை வந்தாலும் அதே கதை. பிஷப் வந்தால் கறுப்பு பிஷப் சுதந்திரமாக இருக்கிறது, அந்தச் சுதந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. அது எஃப்7-இலிருந்து ஏ2 வரை எங்கே போனாலும் வெள்ளை பிஷப் ஈ5-இல் மேட். காலியான ஜி8-ஐக் குதிரை காக்கிறது, ஜி7-ஐ எச்6 சிப்பாய் காக்கிறது. கறுப்பு பிஷப் வெள்ளைக் கட்டத்துக் காய், குறுக்கே வந்து விழவும் முடியாது.

ஏழே காய். இந்த யோசனை பழசாகத்தான் இருக்க வேண்டும்; உரிமை கோரவில்லை.

ஜூன் 14

சிப்பாயை ஏன் அவ்வளவு தூரத்தில், பி7-இல் வைக்க வேண்டும், பழைய எஃப்6, எஃப்7 ஜோடியையே பயன்படுத்தலாமே என்று கேள்வி. அதைத்தான் முதலில் பார்த்தேன். ராஜா எஃப்6, சிப்பாய் எஃப்7, குதிரை எச்6. கறுப்பு எச்8, ஜி8, எச்7. ராணி, யானை இரண்டும் ஸ்டேல்மேட். பிஷப் எடுத்து அடுத்து ஜி7-இல் மேட். அருமை. ஆனால் சிப்பாய் ஜி8-ஐ வெட்டி ராணியானால் முதல் நகர்த்தலிலேயே மேட். பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் சிப்பாயிடம் பிஷப்பை வெட்டாதே என்று சொல்ல முடியாதே. அதனால் ஊரைவிட்டே தள்ளிவைத்தேன்.

ஜூன் 20

இனி நாலும் ஒரே புதிரில். ராணி, யானை, பிஷப், குதிரை நாலு உயர்வும் ஒரு புதிரின் வெவ்வேறு கிளைகளில் வருவதை ஆலும்வாண்ட்லுங் என்பார்கள். ஒவ்வொரு கிளையிலும் அந்தக் காய் மட்டுமே வேலை செய்ய வேண்டும். எக்செல்சியரில் கிடைத்த 'ராணியோ பிஷப்போ' சலுகை இங்கே கிடையாது.

அதற்கும் மேலே ஒரு படி பாப்சன் பணி. கறுப்புச் சிப்பாய் ராணியானால் வெள்ளையும் ராணி. அது யானையானால் இதுவும் யானை. பிஷப்புக்குப் பிஷப், குதிரைக்குக் குதிரை. அமெரிக்கர் ஜோசப் பாப்சன் 1884-இல் நினைத்தது. 1920-களில் ஹென்றி பெட்மன் இதை செல்ஃப்மேட் வடிவத்தில் சாதித்தார். அதாவது வெள்ளை, கறுப்பைக் கட்டாயப்படுத்தித் தன்னையே மேட் செய்ய வைக்கும் வகை. சாதாரண மேட் புதிரில் மட்டும் முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் பியர் த்ருமார் இருபது வருடங்களுக்கும் மேல் இதோடு மல்லுக்கட்டினார். 1982-இல் கைவிட்டார்.

மறு வருடமே, 1983-இல், கஸான் நகரத்துக் கால்பந்துப் பயிற்சியாளர் லியோனிட் யாரோஷ் ஒரு சோவியத் செஸ் பத்திரிகையில் நாலு நகர்த்தல் புதிராக இதை வெளியிட்டார். புதிர் உலகில் அவரை அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாது. மார்ச் மாதம் வந்ததில் முதல் நகர்த்தல் ஒரு வெட்டு. அது அழகுக் குறைச்சல் என்று கருதப்படுவதால், ஆகஸ்டில் வெட்டு இல்லாத இன்னொன்றைக் கொடுத்தார்.

அந்த இரண்டாவதைத் தேடி எடுத்துப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் ஏ7-க்கு நகர்வதுதான் தொடக்கம். கறுப்பு ஏ2-இலிருந்து பி1-ஐ வெட்டி உயர்கிறது, வெள்ளை ஏ7-இலிருந்து பி8-ஐ வெட்டி உயர்கிறது. கறுப்பு யானை எடுத்த கிளையில் வெள்ளை ராணி எடுத்தால், பின்னால் பி3-ஐ ராணி வெட்டும்போது ஸ்டேல்மேட். பிஷப் கிளையில் ராணி எஃப்4-ஐ வெட்டும்போது ஸ்டேல்மேட். குதிரைக் கிளையில் வெள்ளைக்கு சி6-இல் குதிரைச் செக் தேவை.

எனக்கு இதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை. கறுப்பு வேண்டுமென்றே பலவீனமான காயை எடுப்பது தன்னை ஸ்டேல்மேட்டுக்குத் தயார் செய்துகொள்ளத்தான். யானை, பிஷப் என்று சுருங்கச் சுருங்க, மூச்சடைத்துப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளையும் அதே அளவு சுருங்கினால்தான் மூச்சுவிட ஒரு கட்டம் மிஞ்சும். எதிரொலிக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜூன் 3-இல் மூன்று காயில் சொன்ன அதே காரணம்.

ஜூன் 21

செல்ஃப்மேட்டில் ஏன் அறுபது வருடம் முன்னாலேயே முடிந்தது என்று கேட்டவருக்கு: என் ஊகம் இது. அங்கே வெள்ளையின் நோக்கமே தோற்பது. கறுப்பு கொடுக்கும் மேட்டைத் தடுக்கக்கூடிய, அந்தக் காயை வெட்டக்கூடிய எந்த வெள்ளைக் காயும் இடைஞ்சல்தான். ராணி இருந்தால் அது எங்காவது குறுக்கே விழுந்து கெடுத்துவிடும். சாதாரண மேட்டில் ராணியைத் தள்ள ஸ்டேல்மேட் வேண்டும். செல்ஃப்மேட்டில் ராணியைத் தள்ள காரணங்கள் வரிசையில் நிற்கும்.

ஹெல்ப்மேட்டிலும் அப்படித்தான். இரு பக்கமும் சேர்ந்து கறுப்பு ராஜாவை மேட் செய்ய வைக்கும் வகை அது. கறுப்புச் சிப்பாய் உயர்ந்து தன் ராஜாவின் தப்பிக்கும் வழியை அடைக்க வேண்டும், ஆனால் மேட் கொடுக்க வரும் காயைத் தொடக்கூடாது. அப்போது பிஷப்போ குதிரையோதான் சமர்த்துப் பிள்ளை.

யாரோஷோடு கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பீட்டர் ஹோஃப்மன் 2003-இல் சுழல் பாப்சன் செய்தார். அதில் கறுப்பு எடுப்பதையே வெள்ளை எடுப்பதில்லை. நாலும் ஒரு சுற்றாக இடம் மாறி வருகின்றன. அதைப் பற்றி இங்கே விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 27

'ராணி ஏன் வேண்டாம்' என்ற கேள்விக்கு இதுவரை சொன்ன விடையெல்லாம் சக்தியைப் பற்றியது. முற்றிலும் வேறு விடை உள்ள ஒரு பிரதேசத்தை மறந்தே போனேன்: ஆட்ட மீட்புப் புதிர்கள். ஒரு நிலையைக் கொடுத்து, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து இத்தனை நகர்த்தலில் இது எப்படி வந்தது என்று கேட்பவை. அங்கே மேட் இல்லை, மிரட்டல் இல்லை.

எஃப்1-இல் வெள்ளை பிஷப் சாதுவாக நிற்கிறது. நகரவே இல்லை போலிருக்கிறது. ஆனால் அசல் பிஷப் எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது. நிற்பது ஒரு சிப்பாய் பிஷப்பாக மாறி வீடு திரும்பியது. இதற்கு டிமிட்ரி ப்ரோன்கின் பெயரால் ப்ரோன்கின் கரு என்று பெயர். உயர்ந்த காய் பின்னர் வெட்டுப்பட்டு, தடயமே இல்லாமல் போனால் செரியானி–ஃப்ரோல்கின். உயர்ந்த கட்டத்திலிருந்து ஒரு அடிகூட எடுக்காமல் அங்கேயே வெட்டுப்பட்டால் ஷ்னோபெலன். இந்தக் கடைசிப் பெயருக்குரிய ஃபிலிப் ஷ்னோபெலன்தான் புதிர் சரிபார்க்கும் பப்பாய் மென்பொருளை முதலில் எழுதியவரும்.

இங்கே ராணி வேண்டாம் என்பதற்குக் காரணம் ஸ்டேல்மேட் இல்லை. நிலையில் நிற்பது பிஷப், அவ்வளவுதான். கடந்த காலம் அதைக் கேட்கிறது. வாசகர் இதைப் பகட்டு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், ரசிப்பேன்.

ஜூன் 28

நேற்றைய குறிப்புக்கு ஒரு ஒட்டு. செஸ்ஸின் பழைய வடிவமான சத்ரஞ்ச் காலத்தில் இந்த விவாதமே எழுந்திருக்காது. சிப்பாய், ராணியின் இடத்தில் அன்று இருந்த பிர்சானாக மட்டுமே உயர முடியும், அந்தக் காயோ மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணிக்கு இப்போதுள்ள வீச்சு வந்த பிறகுதான் 'இவ்வளவு சக்தி வேண்டாம்' என்று சொல்லவே இடம் பிறந்தது.

இன்னொரு வேடிக்கை. 1862 பிரிட்டிஷ் விதித் தொகுப்பில் சிப்பாய் கடைசி வரிசையிலும் சிப்பாயாகவே இருந்துகொள்ளலாம். முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ்கூட இதை ஆதரித்தார். அந்த விதி நிலைத்திருந்தால் பாப்சனுக்கு ஐந்து கிளை தேவைப்பட்டிருக்கும். த்ருமார் பாவம்.

ஜூலை 2

ஜூன் 13 புதிரில் வெள்ளை ராஜாவை எச்1-இல் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவருக்கு: பி8-இல் பிஷப் வந்ததும் கறுப்பு பிஷப் டி5-க்கு வந்து செக் கொடுக்கும். ஈ5-இல் மேட் போட நேரமிருக்காது. வெள்ளை ராஜா கறுப்புக் கட்டத்தில் நிற்க வேண்டும், பி8–ஈ5, ஈ5–எச்8 பாதைகளை மறைக்காமலும் இருக்க வேண்டும். ஏ1, சி1, எச்2 எதுவும் ஆகும். ஜி1-ஐத் தேர்ந்தது கண்ணுக்குப் பழகிய இடம் என்பதால் மட்டும்.